பினாங்கில் பக்கவாதத்துக்குப் பிறகு கைக்குச் சிகிச்சை: சின்னம்மாவோடு ஏறி இறங்கிய இடங்கள்

சின்னம்மாவுக்கு வாதம் அடித்து ஏழு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் எனக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஊருக்கு வர விடுப்பு கிடைத்தது. ஜெலுத்தோங்கில் பல வருடமாகக் காலையில் இடியப்பம் விற்றவர் அவர். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு) இரண்டும் உண்டு. மாத்திரையை ஒரு நாள் போடுவார், மறுநாள் மறப்பார். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கால் ஓரளவு திரும்பிவிட்டது, தடி ஊன்றி நடக்கிறார். கைதான் பின்தங்கிவிட்டது. தோள் பாதி எழும்பும், மணிக்கட்டு கொஞ்சம் நிமிரும், விரல்கள் மூடினால் திறக்க வெகுநேரம் ஆகும். அந்தக் கையை மடியில் போட்டு மற்ற கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

நான் வருவதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் செயலிழந்த கை திரும்ப வரும் என்று. தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறான். நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஒரு பேக்கேஜுக்குப் பேசி முன்பணமும் கட்டிவிட்டான். "அக்கா, அம்மாவுக்கு கரண்ட் வச்சா கை வந்துருமாம். நீங்க நர்ஸுதானே, ஒரு தடவ வந்து பாருங்க" என்றான். பெர்த்தில் முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். வாதம் வந்தவர்களின் கைகளைத்தான் தினமும் பார்க்கிறேன். அதனால் இந்தப் பயணத்தில் பினாங்கின் நல்ல உணவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. சிகிச்சைக்கு ஏறி இறங்கிய இடங்களைப் பற்றி எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும்.

முதலில் அந்தத் தனியார் நிலையம். பெயர் வேண்டாம். சுத்தமாக இருந்தது, குளிரூட்டி, காப்பி, அன்பாகப் பேசும் பெண்கள். சின்னம்மாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டினார்கள். சின்னப் பெட்டி, இரண்டு கம்பி. இருபது நிமிடம். எதிரே தொலைக்காட்சியில் நாடகம். அந்த இருபது நிமிடமும் சின்னம்மாவின் வலது கை மடியில் அப்படியே கிடந்தது. முடிந்ததும் பட்டையைக் கழற்றி, "அடுத்த வாரம் வாங்க ஆண்டி" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

இதன் பெயர் டி.டி.சி.எஸ். ஒன்று முதல் இரண்டு மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம், மிகவும் குறைவு. தோலில் எறும்பு ஊர்வதுபோல் சுரீர் என்று இருக்கும், சிலருக்குத் தோல் சிவக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. கையை இயக்கும் மூளைப் பகுதியின் மேல் இந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால், நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு அந்தப் பகுதி சுலபமாகத் தூண்டப்படும் நிலையில் இருக்கிறது என்று காட்டினார்கள். கவனியுங்கள், அந்த மின்னோட்டம் நரம்பு அணுக்களை நேரடியாக வேலை செய்யவைப்பதில்லை. வேலை வந்தால் செய்யத் தயாராக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வேலையைக் கொடுக்க வேண்டியது கைப் பயிற்சி.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது சின்னம்மாவே சொன்னார்: "சுடுதண்ணி ஊத்தி மாவ இளக்கி வச்சா பிழியறது லேசு. யாரும் பிழியலன்னா மாவு மாவாத்தான் கெடக்கும்." நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை.

அந்த நிலையத்தில் பிழியவே ஆள் இல்லை. பட்டை வைத்த இடமும் எனக்கு உறுத்தியது. வலது கைக்கு மூளையின் இடப்பக்கத்தில், உச்சிக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இயக்கப் பகுதியைக் குறிவைத்து ஒரு பட்டை வர வேண்டும். அங்கே இரண்டு பட்டைகளும் நெற்றியில் இருந்தன. அதையும்விட, வலிப்பு வந்திருக்கிறதா, தலைக்குள் உலோகம் ஏதும் உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாதம் வந்த வாரம் ஆஸ்பத்திரியில் சின்னம்மாவுக்கு ஒரு முறை வலிப்பு வந்திருந்தது. மூளையைத் தூண்டும் எந்தச் சிகிச்சையிலும் முதல் கேள்வியே அதுதான். நான் கேட்டபோது அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் விலைப்பட்டியலைக் கொண்டுவந்தார். முன்பணத்தில் பாதியைத் திருப்பி வாங்குவதற்குத் தம்பி மூன்று வாரம் அலைந்தான்.

மின்சாரமே மோசம் என்று நான் சொல்லவரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக நல்ல ஆய்வாளர்கள் இதில் உழைக்கிறார்கள். ஆனால் கைக்கு என்று பார்க்கும்போது இதுவரை கிடைத்த விடைகள் கலவையாக இருக்கின்றன. டி.டி.சி.எஸ் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை, அன்றாட வேலைகளில் கொஞ்சம் பயன் இருக்கலாம், கையின் இயக்கத்தில் தெளிவான பயன் தெரியவில்லை என்கிறது. காந்தத்தால் தூண்டும் டி.எம்.எஸ் முறையை வைத்து அமெரிக்காவில் 199 பேரிடம் ஒரு பெரிய சோதனை நடந்து, 2018-இல் முடிவு வந்தது. வாதம் வந்து மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இருந்தவர்கள், அதாவது சின்னம்மாவைப் போன்றவர்கள். பாதிக்கப்படாத பக்க மூளை மற்றதை அளவுக்கு மீறி அடக்குகிறது, அதைக் கொஞ்சம் தணித்தால் அடிபட்ட பக்கம் எழும் என்ற எண்ணத்தில் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான தூண்டல், இன்னொரு பிரிவுக்குப் பாவனை, அதாவது தூண்டுவதுபோல் காட்டும் போலிச் சிகிச்சை. இரு பிரிவுக்கும் ஒவ்வோர் அமர்விலும் கைப் பயிற்சி இருந்தது. உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கை குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியது. பாவனைப் பிரிவில் 65 சதவீதம்.

இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த 65-ஐப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கைதான் வருகிறது. உண்மையான தூண்டலே இல்லாமல் மூன்றில் இரண்டு பேருக்குக் கை முன்னேறியிருக்கிறது, அதுவும் முதல் மூன்று மாதம் தாண்டிய பிறகு. "மூணு மாசத்துல வரலன்னா அவ்வளவுதான்" என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டோம்!

உறுதியான முடிவு வந்த முறையிலும் பயிற்சியே நடுவில் நிற்கிறது. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் கம்பி சுற்றி, மார்பில் சின்னக் கருவி பதிக்கும் முறை அது. கை ஒரு காரியத்தைச் செய்யும் அந்த நொடியில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துவார், அரை நொடி மின்துடிப்பு போகும். 108 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், பாவனை பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கும் கை நன்றாக முன்னேறியது. அதே ஆண்டு அமெரிக்காவின் மருந்து, கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அதை அனுமதித்தது. அறுவைச் சிகிச்சை தேவை, செலவு பெரிது. நாங்கள் அதை யோசிக்கவில்லை.

அடுத்து அரசாங்க மருத்துவமனை. நிபுணர் கிளினிக்கில் மலேசியருக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், இதை வெளிநாட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறோம். காத்திருப்பு நீளம், வாகனம் நிறுத்த இடமில்லை, தம்பி எங்களை வாசலில் இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஆனால் உள்ளே, அன்றாட வேலைகள் வழியாகக் கையைப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) பகுதியில் ஒரு மலாய்க்காரப் பெண், வயது முப்பதுகூட இருக்காது, சின்னம்மாவின் மணிக்கட்டைக் கோணமானி வைத்து அளந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தோளைத் தடவிப் பார்த்து, "யாராவது இந்தக் கையைப் பிடித்து இழுத்தார்களா?" என்று கேட்டார். உறவுக்காரர் ஒருவர் அழைத்துவந்த உருட்டுக்காரர் (உடம்பு பிடித்துவிடுபவர்) இழுத்திருக்கிறார். தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, கையை இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

நீ அம்மாவுக்கு வீட்டில் என்ன வேலை கொடுத்தாய் என்று தம்பியிடம் அந்தப் பெண் கேட்டார். அவன் "ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டோம்" என்றான். அவர் திட்டவில்லை. சின்னம்மாவிடம் திரும்பி, இந்தக் கை என்ன தொழில் செய்தது என்று கேட்டார். இடியப்பம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது, புத்து மாயாம் (இடியப்பத்துக்கு மலாயில் பெயர்) சாப்பிடாத பினாங்குக்காரர் உண்டா! மாவு பிசைவது, கொட்டாங்கச்சியில் தேங்காய் சுரண்டுவது, மூங்கில் தட்டை அடுக்குவது, அச்சைப் பிடிப்பது என்று பட்டியல் போட்டார். வெறும் பந்தை அமுக்குவதைவிட, தெரிந்த வேலையைச் செய்யும்போது மூளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

பிறகு நல்ல கைக்குக் கையுறை மாட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் வளர்த்தெடுத்த முறை இது. இடது கையைக் கட்டிப்போட்டுவிட்டு, இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி வலது கையையே வேலை வாங்குவது. 222 பேரை வைத்து நடந்த சோதனை 2006-இல் வெளிவந்தது. வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களுக்குப் பயன் தெளிவாகத் தெரிந்தது. எல்லாக் கைக்கும் இது ஒத்துவராது, மணிக்கட்டும் விரலும் சிறிதாவது நிமிர வேண்டும். சின்னம்மாவுக்கு அந்த அளவு இருக்கிறது என்று அளந்து சொன்னதே எங்களுக்குப் பெரிய செய்தி. ஏழு மாதமாக யாரும் அதைச் சொல்லவில்லை.

குறை என்னவென்றால் அடுத்த சந்திப்பு ஐந்து வாரம் தள்ளி. சிகிச்சையாளர்கள் குறைவு, வாதக்காரர்கள் அதிகம். வட அமெரிக்காவில் 2009-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சிகிச்சை அமர்வில் கையால் செய்யவைக்கும் உருப்படியான அசைவுகளை எண்ணிப் பார்த்து, சராசரி 32 என்றது. விலங்குகளில் மூளை மாற்றம் கண்ட சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைத்திருக்கிறார்கள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை முப்பது அசைவு எந்தக் கைக்குப் போதும்?

அந்த இடைவெளியை நிரப்பத்தான் குடும்பமும் சங்கங்களும் வேண்டும். மலேசிய தேசிய பக்கவாத சங்கம், நாசாம், 1996-இல் தொடங்கியது. பினாங்கிலும் அதன் மையம் உண்டு, குழுப் பயிற்சி நடக்கும். சின்னம்மா முதலில் வெட்கப்பட்டார். தன்னைப் போல் கை மடங்கியவர்களை ஒரே அறையில் பார்த்த பிறகு பேசத் தொடங்கினார். சம்பளத்துக்கு வேலை செய்து பெர்க்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தா கட்டியவர்களுக்கு மலாக்காவில் பெர்க்கேசோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, விசாரியுங்கள். சின்னம்மா சொந்தக் கடை, கட்டியதில்லை. சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறோம்.

போகிற வழியைப் பற்றியும் ஒரு சொல். லிட்டில் இந்தியாவில் கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி வழிகளில் தடி ஊன்றுபவர் நடக்கவே முடியவில்லை. பாதி தூரம் மோட்டார் சைக்கிள், மீதி தூரம் சரக்குப் பெட்டி. சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். கோயிலுக்குப் போக ஆசைப்பட்டவரைப் பாதி வழியில் திருப்பி அழைத்துவந்தோம்.

கரண்ட் வைக்கும் இடத்துக்கு உங்கள் வீட்டிலும் யாராவது பேக்கேஜ் பேசினால், பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். மின்சாரம் ஓடும்போதோ, உடனே அதன் பின்போ கைக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள், அவர் பதிவுபெற்ற பிசியோவா ஓ.டி.யா? எந்த அளவுகோலால் கையை முன்னும் பின்னும் அளப்பீர்கள்? வலிப்பு, உலோகம், பேஸ்மேக்கர் பற்றி எந்த மருத்துவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்? பதில் தடுமாறினால் அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு வரும் சிகிச்சையாளரை வையுங்கள்.

தம்பி இப்போது இரவு ஓட்டம் மட்டும் ஓட்டுகிறான். காலையில் அம்மாவோடு உட்கார்ந்து கை அசைவுகளை எண்ணுகிறான். முந்நூறு வரை வந்திருக்கிறது, மாவு பிசைவதையும் சேர்த்து. சின்னம்மா வலது கையால் தேங்காய்த்துருவலை அள்ளித் தட்டில் போடும் வீடியோ போன வாரம் வந்தது, பாதி கீழே சிந்துகிறது, மீதி தட்டில் விழுகிறது. அச்சை அழுத்தும் வலு இன்னும் வரவில்லை. ஜெலுத்தோங், கெலுகோர் பக்கம் வாரம் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கைப் பயிற்சி தரும் ஓ.டி. யாராவது தெரிந்தால் எழுதுங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் இன்னும் நல்லது, சின்னம்மாவின் மலாய் சந்தை மலாய்தான்.