விம் எடிட்டரின் செய்தி வசதி: சரக்கு உண்டு, எடுத்துக் கொடுக்கத்தான் தெரியவில்லை

"எக்கோ போட்டேன், ஒன்றுமே வரவில்லை." உரை எடிட்டரான விம்முக்குச் சிறு நிரல் (விம் ஸ்கிரிப்ட்) எழுதத் தொடங்கும் எல்லோரும் சொல்வது இது. எக்கோ என்பது செய்தியைத் திரையில் காட்டும் கட்டளை. பெரும்பாலும் செய்தி வந்திருக்கும், கண்ணில் படுவதற்குள் அழிந்திருக்கும். 1991இல் வெளிவந்த இந்த எடிட்டரில் செய்திகளைத் தேடிப் பிடிக்க வேண்டிய கருவிகள் எல்லாமே இருக்கின்றன. ஆனால் முதலில் கைக்கு வரும் கட்டளைதான் இருப்பதிலேயே பலவீனமானது.

எக்கோ, திரையின் அடிவரியில் எழுதுவதோடு சரி, எங்கும் சேமிக்காது. புது விண்டோ திறந்த கையோடு எக்கோ போட்டால், விம் தள்ளிவைத்திருந்த திரை வரைவு அதன் மேலேயே ஓடிவிடும். எக்கோவுக்கு முந்தைய வரியில், திரையை உடனே வரையவைக்கும் ரீட்ரா கட்டளையைக் கொடுத்தால் செய்தி நிற்கும்.

இன்னும் நல்லது, சோதனை முடியும்வரை எக்கோவை எக்கோஎம் என்று மாற்றிவிடுவது. அது விம்மின் செய்தி வரலாற்றில் பதிவாகும். ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, அந்த வரலாற்றைக் காட்டும் மெசேஜஸ் கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் இருந்தால், பழி திரை வரைவின் மேல். அங்கும் இல்லையென்றால் அந்த வரி ஓடவே இல்லை, அல்லது யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள்.

வாயை அடைப்பது பெரும்பாலும் சைலன்ட் கட்டளை. அதன் கீழ் ஓடும் சாதாரணச் செய்தி வரலாற்றிலும் ஏறாது. அதை மீறிச் சொல்ல அன்சைலன்ட் இருக்கிறது. ஏனோ பலருக்கு அது தெரிவதில்லை. மேப்பிங்கில் (ஒரு விசைக்குக் கட்டளையை இணைப்பதில்) போடும் சைலன்ட் குறி வேறு: கட்டளை அடிவரியில் தெரியாமல் மறைக்கும், அவ்வளவே, அதன் செய்திகளைத் தடுக்காது. ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்தது விம்முக்குப் பழக்கம்தான். எக்சிக்யூட் என்ற கட்டளை வெளியீட்டைக் காட்டும், அதே பெயருள்ள ஃபங்ஷனோ அதை எழுத்துச் சரமாகத் திருப்பித் தந்துவிட்டு மௌனமாகிவிடும்.

ஆட்டோகமாண்டில் (ஃபைல் திறப்பது போன்ற நிகழ்வின்போது தானாக ஓடும் கட்டளையில்) மட்டும் செய்தி காணாமல் போனால், செய்திகளைச் சுருக்கும் ஷார்ட்மெஸ் அமைப்பில் பெரிய எஃப் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் திறக்கும்போது அது சைலன்ட் போலவே நடந்துகொள்ளும்.

டெர்மினலிலிருந்து இ-எஸ் கொடியோடு (-es) பேட்ச் முறையில், அதாவது திரையில்லாமல், விம்மை ஓட்டினால் எக்கோ ஊமை. பெரிய வி, ஒன்று என்ற கொடியையும் (-V1) சேர்த்தால் பேசும், ஆனால் பிழை வெளியீட்டின் (stderr) வழியாக. வழக்கமான வெளியீட்டை மட்டும் கடத்தும் சாதாரண பைப்பில் தேடினால் கிடைக்காது.

ஆச்சரியக்குறி சேர்த்த சைலன்ட் பிழைகளையும் விழுங்கிவிட்டு ஸ்கிரிப்டைத் தொடர்ந்து ஓட்டும். கடைசிப் பிழை எர்மெசேஜ் மாறியில் மட்டும் மிஞ்சும்.