‘ஐ அப்பீல் சூப்பர்’ என்று சொல்லி விற்ற 1911 ரூபாய்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் பழைய காசு வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அடுத்த காசுக்குப் பணம் போடுங்கள். 11,500 ரூபாய் கொடுத்து நான் ஒரு காசு வாங்கினேன். காசு அசல்தான். அதைப் பற்றி எழுதியிருந்த வார்த்தைகளை நம்பித்தான் ஏமாந்தேன்.

வாங்கியது ஐந்தாம் ஜார்ஜ் 1911 ரூபாய். சேகரிப்பவர்களுக்கு இதன் கதை தெரியும். மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகப் போனதால் பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியே விடாத காசுகளையெல்லாம் உருக்கிவிட்டு, 1912 காசில் யானையைத் திருத்தினார்கள். அதனால்தான் 1911க்கு இந்த மவுசு. அதிலும் யானை தேயாமல் இருந்தால் விலையே வேறு.

விற்றவர் குழுவில் போட்டிருந்த வாசகம் இதுதான்: “1911, ஃபுல் எலிஃபண்ட், பிரில்லியண்ட் லஸ்டர், யுஎன்சி மாதிரி, ஐ அப்பீல் சூப்பர். மிஸ் பண்ணாதீங்க.” ஃபுல் எலிஃபண்ட் என்றால் யானை தேயாமல் முழுசாக இருப்பது, லஸ்டர் என்றால் அச்சடித்தபோதே வந்த பளபளப்பு, யுஎன்சி என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, ஐ அப்பீல் என்றால் கண்ணைக் கவரும் அழகு. கூடவே நேர் எதிரே வைத்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. வெள்ளை வெளேரென்று மின்னியது. கோவையில் ஒரு கண்காட்சியில் அவரை நேரில் பார்த்துப் பேசியும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கேள்வி எதுவும் கேட்காமல் பணம் அனுப்பிவிட்டேன்.

கூரியரில் காசு வந்தது. எடை போட்டேன், 11.6 கிராம். இருக்க வேண்டியது 11.66. மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் சேலம் போனபோது மாமாவிடம் காட்டினேன். முப்பது வருஷமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். லென்ஸைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பியவர், அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, “மாப்ள, இது பிரஷ் போட்டதுப்பா” என்றார்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்துப் பித்தளை பிரஷால் தேய்த்தால் கொலுசுக்கு வருமே, அந்தப் பளபளப்பு. லென்ஸை என்னிடம் கொடுத்தார். மன்னரின் முகத்துக்கு முன்னால் இருக்கிற வெற்றிடம் முழுக்க ஒரே திசையில் மயிரிழை போலக் கீறல்கள். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பிரஷ் நுழையாமல் கறுப்பு அப்படியே தங்கியிருந்தது. யானையின் தும்பிக்கை நுனி தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதாவது, நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசை யாரோ பிரஷ் போட்டு வெளுக்க வைத்திருக்கிறார்கள்.

உண்மையான லஸ்டர் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன். அச்சு ஓங்கி அடிக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாகக் காசின் மேல் பதிந்துவிடும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளிப்பட்டை ஒன்று கூடவே சுற்றி வரும். என் காசு அப்படிச் சுற்றவில்லை. எவர்சில்வர் டம்ளர் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே மினுமினுப்பு. அந்த நுண்கோடுகள் ஒருமுறை தேய்ந்து போனால் எந்த மருந்தும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

விற்றவருக்குப் போன் போட்டேன். “நான் எங்கீங்க தம்பி யுஎன்சின்னு சொன்னேன்? யுஎன்சி மாதிரின்னுதானுங் போட்டிருக்கேன். ஐ அப்பீல்ங்கிறது அவங்கவங்க பார்வைதானுங்களே” என்றார். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. பணமும் வரவில்லை.

அந்த ‘மாதிரி’யைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். ஐ அப்பீல் என்பது வெறும் வாய்ப்பேச்சு கிடையாது. காசின் தரத்தை மதிப்பிட்டு கிரேடிங் செய்கிறவர்களும் அச்சின் அழுத்தம், லஸ்டர், கீறல் இவற்றோடு அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகக் கொண்டுவந்த 1 முதல் 70 வரையிலான அளவுதான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் 60ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் யுஎன்சி. லேசாகப் புழங்கி 58 எண் வாங்கிய காசு ஒன்று, கீறல் விழுந்து 60 எண் வாங்கிய காசைவிடக் கண்ணுக்கு அழகாக இருக்கலாம், இருக்கிறது. ஆனால் தேய்த்துக் கழுவிய காசுக்கு பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற கிரேடிங் நிறுவனங்கள் இரண்டுமே எண் கொடுப்பதில்லை. ‘டீட்டெய்ல்ஸ்’ என்று போட்டு, கழுவியது என்று காரணத்தையும் எழுதிவிடுவார்கள். என்னிடம் விற்றவர் கிரேடு என்று எதையுமே சொல்லவில்லை. அழகை மட்டும் வர்ணித்தார். நாளைக்கு யாரும் பிடித்துக் கேட்க முடியாத வார்த்தைகளாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

இனி யாராவது ‘லஸ்டர்’ என்றால், ஒரே விளக்கில் காசைச் சாய்த்துச் சுழற்றும் வீடியோ கேளுங்கள். “கழுவினதாங்க, இல்லீங்களா?” என்று நேராகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழுவியது என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் பணம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். கிரேடிங் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டியில் எண் ஒட்டியிருந்தால் அந்தச் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே வருகிற படமும் கையில் இருக்கிற காசும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ‘ரெயின்போ டோனிங்’ என்று வானவில் நிறத்தில் வருகிற விக்டோரியா காசுகளையும் போட்டோவைப் பார்த்து அப்படியே நம்பிவிடாதீர்கள். பல வருஷம் காகிதத்திலோ துணிப்பையிலோ கிடந்து தானாக ஏறிய நிறமும் உண்டு, கந்தக மருந்திலும் சூட்டிலும் ஒரே நாளில் ஏற்றியதும் உண்டு. மஞ்சளில் தொடங்கிச் செம்மை, நீலம் என்று படிப்படியாக மாறாமல் திட்டுத் திட்டாக அப்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வீட்டில் அப்பாரு காலத்து வெள்ளி ரூபாய் இருந்தால் விபூதியோ பேஸ்ட்டோ போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். கழுவின காசைக் கழுவாத காசாக மாற்ற யாராலும் முடியாது.

போன வாரம் அதே ஆள் குழுவில் இன்னொரு 1911 போட்டிருக்கிறார். அதே வாசகம், அதே போல நேர் எதிரே எடுத்த ஒற்றைப் போட்டோ. யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், மீதியை அனுப்பும் முன் அந்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள்.