தோரணமலையா, திருமலையா, கழுகுமலையா, படித்துறைகளா? நெல்லைச் சீமையில் ஒரு கடினமான குழுநடைக்கு எது ஏற்றது

மேடும் பள்ளமுமான குடியிருப்புகளையும் பொதுப் படிக்கட்டுகளையும் ஒரே வழியாகக் கோத்து, ஒரு குழுவாகப் பகல் முழுதும் நடக்கும் வழக்கம் மலைச்சரிவில் எழுந்த நகரங்களுக்கு உரியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் உள்ளன. மேட்டிலிருந்த வீடுகளிலிருந்து ஆற்றோர எஃகு ஆலைகளுக்குத் தொழிலாளர்கள் இறங்கிச் செல்லப் பயன்பட்ட அவற்றுள் பல, நகர வரைபடத்தில் தெருக்களாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. திருநெல்வேலியோ தாமிரபரணியின் சமவெளியில் அமர்ந்த ஊர். நகரின் நடுவே ஏற்றம் என்று காட்ட, 1973-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தை விட்டால் வேறு அதிகம் இல்லை. ஆகவே இங்கே படியேறும் நடைக்கு ஆசைப்படும் குழு, ஒன்று மலைக்கோயில்களை நாட வேண்டும். இல்லையென்றால் ஆற்றுப் படித்துறைகளை நாட வேண்டும்.

இவற்றைப் படிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு தரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் குழுவிலும் முன்னே ஓடுபவரும் இருப்பார், பின்னே தங்குபவரும் இருப்பார். இடையில் முடியாமல் போனவர் யாருக்கும் தொந்தரவில்லாமல் விலகிப் பிறகு வந்து சேர்ந்துகொள்ள வழி உண்டா என்பதையும், செல்லும் வழி மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்குள் புகுந்து வெளிவருகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல் வலிமையைச் சோதிப்பது மட்டுமே நோக்கமானால் தோரணமலைக்கு இணை இல்லை. கடையத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரத்தில் நிற்கும் இந்த மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறினால் பாறைக் குகையில் முருகன் சந்நிதியை அடையலாம். தேரையர் சித்தரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இடம் என்பதால், பக்தியோடு மூலிகை ஆர்வமும் உள்ளவர்கள் விரும்பி வருகிறார்கள். ஆனால் குழுநடை என்ற அளவில் இதற்கு ஒரு குறை உண்டு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே படிதான். எனவே முதல் ஆள் உச்சியில் காற்று வாங்கும் நேரத்தில் கடைசி ஆள் பாதி மலையில் தனியாக நிற்கும் நிலை எளிதில் வந்துவிடுகிறது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் முழு எடையையும் தொடைத் தசைகள் தடுத்துத் தாங்க வேண்டியிருப்பதால், முழங்கால் நடுக்கமும் மறுநாள் வலியும் இறக்கத்தில்தான் சம்பாதிக்கப்படுகின்றன. மேலே ஏறிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் தண்ணீரை அங்கேயே குடித்துத் தீர்ப்பவர்களை நான் நம்புவதில்லை.

பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயில் இதைவிட எளிது. படிகள் அறுநூறுக்குச் சற்று மேல். வண்டி செல்லும் சாலையும் உச்சிவரை உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் வேனில் மேலே போய்க் காத்திருக்கலாம் என்பது குடும்பங்களுக்கு நல்ல வசதி. கடினமான நடையை எதிர்பார்த்து வருபவருக்கோ, கண்ணெதிரே கார் ஏறிப் போவது ஊக்கத்தைக் குறைத்துவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்போது ஏறுவது தனிச் சுகம். அதற்காகவே ஒரு முறை போகலாம்.

கழுகுமலை வேறு வகை. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூரில், குன்றும் குடியிருப்பும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. கழுகாசலமூர்த்தி கோயிலைச் சுற்றிய தேரோடும் வீதிகளில் நடந்து, கடைகளைக் கடந்து, வீடுகளின் பின்புறமாகவே பாறைக்கு வந்துவிடலாம். அந்த வகையில் மலைநகர நடைக்கு மிக நெருங்கி வருவது இதுதான். மேலே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டு, முடிக்கப்படாமல் நின்றுவிட்டது. மேற்பகுதியில் சிற்பங்கள் நிறைந்து கிடக்க, கீழ்ப்பகுதி வேலை முடியாத கல்லாகவே இருப்பதை விளிம்பில் நின்று குனிந்து பார்க்கும்போதுதான் வேலை நடந்த வரிசை விளங்கும். சற்றுத் தள்ளிப் பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே பழந்தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். ஏற்றம் குறைவு என்றாலும் மொட்டைப் பாறையில் நிழல் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் கல் கொதிக்கும்; செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் நிற்கவே முடியாது. கோவில்பட்டியில் ரயிலிறங்கிப் பேருந்து பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி நகரத்துக்குள்ளேயே இருக்கும் வாய்ப்பு. திருநெல்வேலியில் பொதுப் படிக்கட்டு என்றால் அது ஆற்றுக்கு இறங்கும் படித்துறைதான். குறுக்குத்துறையில் தொடங்கி, ஆற்றை ஒட்டிய தெருக்கள் வழியாகச் மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை என ஒவ்வொரு துறையிலும் தண்ணீர்வரை இறங்கி ஏறி, சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் 1843-இல் கட்டிக்கொடுத்த பாலத்தைக் கடந்து, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டையில் முடிக்கும் நடையை நான் பரிந்துரைப்பேன். மலையேற்றத்துக்குப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு துறையின் படிகள் சிலவே; ஆனால் துறைதோறும் இறங்கி ஏறி, இடையே போக்குவரத்து நெரிசலில் பாதை கண்டு நடக்கும்போது நாளின் இறுதியில் கால் சொல்லும் சேதி வேறு. ஒவ்வொரு துறைக்கும் தனி முகம் உண்டு. ஒன்றில் துணி துவைக்கும் கல்லைச் சுற்றிச் சோப்பு நுரை. அடுத்ததில் திதி கொடுக்க வந்தவர்கள். இன்னொன்றில் பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள். ஆற்றின் நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை 2023 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், மழை நாளில் இந்த நடையை எண்ணவும் மாட்டார்கள். தண்ணீர் வடிந்த பின்னும் கடைசி நான்கைந்து படிகளில் பாசி படிந்திருக்கும். அங்கே கால் வைக்காமல் நிற்பதே நலம். களைத்தவர் எந்தத் தெருமுனையிலும் ஆட்டோ ஏறிவிட்டு, அடுத்த துறையில் டீக்கடையில் காத்திருக்கலாம். இந்தச் சலுகையை எந்த மலையும் தருவதில்லை.

புதிதாகச் சேர்ந்த குழு, தை அல்லது மாசியில் விடிவதற்கு முன் புறப்பட்டுப் படித்துறை நடையை முதலில் முடிக்கட்டும். யார் யாருடைய வேகம் என்ன, யார் கடைசி ஆளோடு பொறுமையாக நடப்பார் என்பது அன்றே தெரிந்துவிடும். அதன் பிறகு கழுகுமலை. வெட்டுவான் கோயிலின் விளிம்பிலும் சிற்பப் பாறையின் முன்னும் நின்று பார்க்க இடம் குறைவு என்பதால், இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு அணியாகப் பிரிந்து ஏறுவதே சரி. தோரணமலையை, முதல் இரண்டிலும் இறக்கத்தில் முழங்கால் வலி என்று சொல்லாதவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே முன்னே ஒருவரும் கடைசியில் ஒருவரும் எனப் பொறுப்பானவர்கள் இருவரை நியமித்த பிறகே முதல் படியில் கால் வைக்க வேண்டும்.