வெளிச்சம் கொடுத்தால் வேலை செய்யும்: பவர்ஷாட் ஏ590 ஐஎஸ்

கேனான் 2008-இல் வெளியிட்ட பவர்ஷாட் ஏ590 ஐஎஸ், வந்த காலத்திலேயே விலை குறைந்த வரிசையைச் சேர்ந்த கேமரா. இப்போது யாராவது பயன்படுத்தியதைத்தான் வாங்க முடியும். 8 மெகாபிக்சல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஏ4 தாள் முழுவதும் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு அது தாராளம். இந்தக் கேமராவை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு: மலிவான கேமராக்கள் பெரும்பாலும் எல்லா முடிவுகளையும் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. இது அந்த முடிவுகளை நம்மிடம் விடுகிறது. மேலே உள்ள வட்டத் திருகில் பி, டிவி, ஏவி, எம் என்று நான்கு எழுத்துகள் இருக்கின்றன. பி-யில் லென்ஸ் துளையையும் ஷட்டர் வேகத்தையும் கேமரா பார்த்துக்கொள்ளும், மற்ற அமைப்புகள் நம் கையில். டிவி-யில் ஷட்டர் வேகமும், ஏவி-யில் லென்ஸ் துளையும், எம்-இல் இரண்டும் நம் கையில். ஆட்டோவை விட்டுவிட்டுத் திருகை பி-யில் வைத்து, அமைப்புகளை நாமே தேர்ந்தெடுத்தாலே படங்களின் தரம் மாறிவிடும்.

ஏன் என்றால், உள்ளே இருக்கும், ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் சுமார் 35-இல் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய இடத்தில் விழும் வெளிச்சமும் குறைவுதான். வெளிச்சம் சற்று மங்கினால் ஆட்டோ முறை, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றிவிடும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதைக் கேமரா துடைக்கும்போது தலைமுடியும் இலை நரம்பும் சேர்ந்து அழிந்துவிடும். ஆகவே ஐஎஸ்ஓவை 80-இல் கட்டிப்போடுங்கள். 200 வரை கவலையில்லை. 400-இல் சிறிய படங்களாக அச்சிடலாம். அதற்கு மேல் கறுப்பு வெள்ளைக்கு மட்டும், அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

எண்ணை இறக்கிவிட்டால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஜன்னலுக்குப் போக வேண்டும். அத்தையை நான் எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அப்படி எடுத்ததுதான். பிளாஷை அணைத்துவிட்டு, அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜூம் செய்யாத நிலையில் லென்ஸ் எஃப் 2.6 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). ஆனால் அந்த நிலையில் முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அதனால் இரண்டு அடி பின்வாங்கிச் சற்றே ஜூம் செய்தேன். மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. “அத்தை, முகத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்” என்றதும் அந்த வெள்ளை மறைந்து கண்கள் தெளிந்தன. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, கண்ணில் ஃபோகஸ் பூட்டிக்கொண்டதும், மூச்சை விட்டபடி மீதியை அழுத்தினேன். நெற்றிச் சுருக்கமும் புடவைக் கரையின் இழையும் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. இதில் பாதிப் பெருமை லென்ஸில் உள்ள நடுக்கக் குறைப்புக்குச் சேர வேண்டும். அந்த விலையில் அப்போது அதைக் கொடுத்தது பெரிய விஷயம்.

முழு ஜூமில் கதை வேறு. அங்கே லென்ஸ் எஃப் 5.5-க்குச் சுருங்குகிறது, உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். 4 மடங்கு ஜூமை நல்ல வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். வீட்டில் கணினியில் நாமே செய்துகொள்ளலாம்.

வெயிலில் வெள்ளைப் பூவை எடுத்தால் இதழ்கள் வெறும் வெண்மையாகிவிடும். இந்தக் கேமரா ஜேபெக் கோப்பாக மட்டுமே சேமிக்கிறது, வெளுத்துப்போன இடத்தைப் பிறகு மீட்க வழியில்லை. எக்ஸ்போஷர் திருத்தத்தை −2/3-இல் வைத்து எடுங்கள். நிழல் சற்றுக் கறுத்தாலும் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிவிடலாம்.

பூ என்றதும், மிக அருகில் சென்று எடுக்கும் மேக்ரோ முறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூம் செய்யாத அகலக் கோணத்தில், பூவில் ஊரும் எறும்புக்கு மிக அருகே நெருங்கலாம். ஆனால் ஒட்டி நெருங்கினால் லென்ஸின் நிழலே எறும்பின் மேல் விழும், எறும்பும் ஓடிவிடும். ஐந்தாறு செ.மீ. விலகி, வெயிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி எறும்பின் வயிற்றுப் பக்கத்தையும் காலில் ஒட்டிய மகரந்தத்தையும் காட்டிக்கொடுக்கும். கூர்மை கூடும் என்று எஃப் 8 வரை மூட வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சாரில் துளை சுருங்கச் சுருங்க ஒளி சிதறி விவரம் மழுங்கும். நான் எஃப் 4-ஐத் தாண்டுவதில்லை. சிறிய சென்சாரில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏற்கெனவே அதிகம்தான்.

பின்புறத் திரையில் படம் சொரசொரப்பாகத்தான் தெரியும், வெயிலில் ஒன்றும் தெரியாது. கூர்மையை அதில் பார்த்து முடிவு செய்து படத்தை அழித்துவிடாதீர்கள். இதற்கு ஈடாகக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது. கேமராவை முகத்தோடு அழுத்திப் பிடிப்பதால் கையும் ஆடாது. அதில் தெரிவதைவிடப் படத்தில் சற்று அதிகமாகவே பதியும் என்பதையும், மிக நெருங்கி எடுக்கும்போது அது குறி தவறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாலையில் வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தைகள், மேடை நடனம், 640×480-க்கு மேல் வீடியோ ஆகியவை உங்கள் தேவை என்றால் இதை வாங்க வேண்டாம். எந்த அமைப்பை மாற்றினாலும் அங்கே பலன் கிடைக்காது. நின்று நிதானமாக எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, முகங்கள், செடிகள், பொருள்கள் எடுப்பவர்களுக்கு, தயங்காமல் இதை வாங்கச் சொல்வேன்.

இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஓடுவது பெரிய வசதி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகளையே போடுங்கள். சாதாரண பேட்டரி சீக்கிரம் தீரும். மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். வாங்குவதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து கம்பிகளில் பச்சைப் பாசி போல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், மூடியின் கொக்கி உறுதியாகப் பிடிக்கிறதா என்று இரண்டு முறை திறந்து மூடுங்கள். லென்ஸின் மூடிதழ்கள் சிக்காமல் விலக வேண்டும். கடைசியாக, எஃப் 8-இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை இரண்டு மூன்று முறை எடுத்து, படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் சென்சாரில் தூசி புகுந்திருக்கிறது. அப்படிப்பட்டதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.