பசங்களுக்கேற்ற ஆட்டமா, ஆட்டத்துக்கேற்ற பசங்களா?

வேலூரில் பள்ளிப் பசங்களுக்கு ஹாக்கி சொல்லித் தரும் நண்பரோடு போன வாரம் இதே வாக்குவாதம்தான். அவர் கட்சி: முறை ஒன்றுதான், பந்து பறிபோன அடுத்த நொடியே மைதானம் முழுக்க எதிரணியை நெருக்க வேண்டும், அதற்குப் பசங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும். நியாயம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து வருஷா வருஷம் ஆள் போய்க்கொண்டே இருக்கும் அணியில், முறை மாறாமல் இருந்தால் புதிதாக வருகிறவனுக்குத் தன் இடம் சட்டென்று புரியும்.

ஆனால் நம்மூர் மே மாத வெயிலில், பந்து கண்டபடி துள்ளும் மண் தரையில், வெளியே இரண்டே மாற்று ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அணி நான்கு குவார்ட்டரும் அப்படி ஓட முடியுமா? ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும் அணிக்கான ஆட்டம் அது. மூன்றாவது குவார்ட்டரிலேயே கால் நின்றுவிடும், அப்புறம் பின்னால் திறந்த வீடுதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியைப் பாருங்கள். பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும், மீதிப் பத்துப் பேரும் பின்வாங்கி கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்தைக் காத்தார்கள், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்துக்கொண்டே இருந்தார். 1-1 சமன், ஷூட் அவுட்டில் 4-2 வெற்றி. இருக்கிற ஆளுக்கு ஏற்ற ஆட்டம் அது!

நான் இந்தப் பக்கம்தான். பந்தை நிறுத்துவது, எதிரணி ஆளை விடாமல் ஒட்டி நிற்பது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மற்றபடி, நண்பரின் அணியில் டிராக் ஃபிளிக் (பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வேகமாகக் கோலுக்குள் வீசுவது) அருமையாக அடிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான், சரி, பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் வட்டத்துக்குள் தப்பு செய்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு, அதை வாங்குவதையே திட்டமாக வைக்கலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றார்.