ரக்பி ஜிபிஎஸ் பாட்: பல சீசன் ஓடிய பிறகும் தீராத ஒரு தலைவலி

வீரர்களின் ஓட்டத்தை அளக்க முதுகில் மாட்டும் சிறு ஜிபிஎஸ் கருவியான பாட்டின் விலை இறங்கியதைப் பார்த்துவிட்டு, பள்ளி அணிக்குப் பயிற்சி தரும் நண்பர் கேட்டார்: "எங்க பசங்க ஓட்டத்துல இன்டர்நேஷனல் லெவலுக்கு எவ்வளவு பின்னாடி இருக்காங்கன்னு இது காட்டிடுமா?" பதில் நீளமானது என்பதால் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 10 முறை பதியும்) ஜிபிஎஸ், 100 ஹெர்ட்ஸ் ஆக்சிலரோமீட்டர் (குலுக்கலை அளக்கும் உணரி), முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உட்காரும் வெஸ்ட் என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

கருவி உழைக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். சேறு, மழை, ஸ்க்ரம் (இரு அணியிலும் எட்டெட்டு பேர் கோத்து நின்று தள்ளுவது) சரிந்து மேலே ஆட்கள் விழுவது எல்லாவற்றையும் தாங்குகிறது. பழுது வந்த ஒரே இடம் சார்ஜிங் முனை. வியர்வை உப்பு படிந்து பச்சை பூத்துவிடும், விளக்கு எரியும், ஆனால் சார்ஜ் ஏறாது. ஆட்டம் முடிந்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு முறை தேய்த்தால் இந்தப் பிரச்சினையே வராது. வெஸ்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் பாட் குலுங்கி, ஓடாத ஓட்டத்துக்கெல்லாம் 'லோடு' (உடம்பு பட்ட சுமையின் கணக்கு) ஏறும். ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பே ஆன் செய்து திறந்த வானத்தின் கீழ் வைத்தால் சாட்டிலைட் ஒழுங்காகப் பிடிக்கும். ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் அளவில் சிறு வித்தியாசம் இருக்கும் என்பதால் எண் ஒட்டி, சீசன் முழுக்க ஒருவருக்கு ஒரே பாட்.

தலைவலி, பாட்டின் தரவைக் காட்டும் ஆப்பின் முதல் திரையில் இருக்கிறது. 'மீ/நிமிடம்' என்று பெரிய எழுத்தில் ஒரு எண். தூரத்தை எந்த நேரத்தால் வகுத்தது என்று எங்குமே சொல்லாது. பாட் ஆன் ஆனதிலிருந்து ஆஃப் ஆகும் வரை அதற்கு எல்லாமே ஆட்டம்தான். அப்டேட்டுக்கு மேல் அப்டேட் வருகிறது, வண்ணம் மாறுகிறது, இது மட்டும் மாறவில்லை.

இது எவ்வளவு பெரிய கோளாறு என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஃபுல்பேக் (கடைசி வரிசையில் நிற்பவர்) 6,400 மீட்டர் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக் கடிகாரத்தின் 80 நிமிடத்தால் வகுத்தால் 80 மீ/நிமிடம். காயம், டிவி நடுவர் (வீடியோ பார்த்துத் தீர்ப்புக்கு உதவுபவர்) என்று கடிகாரம் நின்ற நேரமும் சேர்ந்து 96 நிமிடம் ஆகியிருந்தால் 67. நடுவே 12 நிமிட இடைவேளையை வெட்டாமல் விட்டால் 59. பந்து உயிரோடு இருந்த நேரத்தை, அதாவது விசிலுக்கு விசில் ஆட்டம் நிஜமாக நடந்த நேரத்தை மட்டும் தனியே எடுத்து, அந்த நேரத்து மீட்டரை மட்டும் கணக்கிட்டால் அதே மனிதர் 100-ஐத் தாண்டுவார். ஒரே ஆள், ஒரே ஆட்டம். யாரோ 80-ஆல் வகுத்த சர்வதேச எண்ணையும், ஆப் 108-ஆல் வகுத்த பள்ளி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பையன்கள் சோம்பேறிகளாகத் தெரிவார்கள். இதை நம்பிப் பயிற்சியில் ஓட்டத்தைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தொடைத் தசை கிழிவது பையனுக்கு. கோபம் வருவது அதனால்தான்.

மாற்று வீரர் கதை இன்னும் மோசம். 55-ஆவது நிமிடத்தில் இறங்குகிறவர் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்த நேரமும், கோட்டுக்கு வெளியே வார்ம் அப் ஓடிய மீட்டரும் அப்படியே உள்ளே போகும். மஞ்சள் அட்டை வாங்கி 10 நிமிடம் வெளியே இருந்தாலும் அப்படித்தான். வெட்டும் வசதி ஆப்பில் உண்டு, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெட்ட வேண்டும், 23 பேருக்கும். கிக்-ஆஃபுக்கு முன் அணி வட்டமாக நிற்கும்போது எல்லோரையும் சேர்ந்தாற்போல் மூன்று முறை குதிக்கச் சொல்லுங்கள். ஆக்சிலரோமீட்டர் வரைபடத்தில் மூன்று முள் எழும், வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் பாதிக்கு முன்பும் அதையே செய்யுங்கள்.

அணிக்கு 7 பேர் ஆடும் குறுகிய வடிவமான செவன்ஸில் இது உச்சத்துக்குப் போகிறது. பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14. வார்ம் அப் ஆட்டத்தைவிட நீளம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம், நடுவே சில மணி நேரம். பாட்டை அணைக்காமல் விட்டால் நாள் முழுவதும் ஒரே 'செஷன்'. அதே பெரிய மைதானத்தில் 7 பேர் மட்டும் ஆடுவதால் உண்மையில் நிமிடத்துக்கு 100 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ ஓடுகிறவர்கள், ஆப்பில் நடைப்பயிற்சி போனவர்கள் போலத் தெரிவார்கள்.

சரி, வெட்டிச் சரிசெய்த பிறகு நண்பர் கேட்ட வித்தியாசம் தெரிகிறதா? மொத்தத் தூரத்தில் பெரிதாகத் தெரியாது. மேல்மட்டத்தில் முழு ஆட்டம் ஆடும் பேக்ஸ் (பின்வரிசையில் ஓடுகிறவர்கள்) ஏறத்தாழ 6 முதல் 7 கிலோமீட்டர், ஃபார்வர்ட்ஸ் (ஸ்க்ரம்மில் தள்ளும் முன்வரிசையினர்) 5 முதல் 6. நல்ல கிளப் அணிகளும் அதை ஒட்டித்தான் வரும். 19 வயதுக்குட்பட்டோர் விதிப்படி ஆட்டமே பாதிக்கு 35 நிமிடம்தான், எனவே அவர்களின் தூரத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. சிறுவர்களின் மீ/நிமிடம் பெரியவர்களுக்கு நிகராகவோ மேலாகவோ வருவதும் உண்டு. தூரத்தில் எடை வராது, அதையும் கவனியுங்கள்: 75 கிலோ பையன் வினாடிக்கு 7 மீட்டரில் வந்தால் உந்தம் (எடை × வேகம்) 525, 110 கிலோ ஃபார்வர்ட் 6 மீட்டரில் வந்தால் 660. மெதுவாக வருகிறவர்தான் தள்ளிவிட்டுப் போவார்.

மட்டத்துக்கு மட்டம் நிஜமாக விலகுவது ஆட்டத்தின் மிகக் கடுமையான நிமிடம். கீழ்மட்டத்தில் நாக்-ஆன் (பந்தைக் கையிலிருந்து முன்னால் நழுவவிடுவது) அதிகம், பந்து கோட்டுக்கு வெளியே போவது அதிகம், இரண்டு மூன்று ஃபேஸில் (ஒரு டாக்கிளிலிருந்து அடுத்த டாக்கிள் வரையிலான ஆட்டத் துண்டு) விசில் அடித்துவிடும், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மேலே போகப் போக ஃபேஸ் நீளும். சர்வதேச ஆட்டத்தில் அந்த ஒரு நிமிட உச்சம் 150 மீட்டரைத் தாண்டும், சராசரியைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுவே டாக்கிளும் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) ரக்கும் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நின்று தள்ளுவது) வேறு. பயிற்சியை அமைக்க வேண்டியது இந்த நிமிடத்துக்காக.

இங்கே பாட் தரும் சந்தோஷம் நிஜமானது. கச்சாத் தரவை சிஎஸ்வி (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) கோப்பாக இறக்கலாம். ஆப் தானே காட்டும் 'உச்ச நிமிடம்' 0-1, 1-2 என்று கட்டம் கட்டி எடுத்தது. கடுமையான ஓட்டம் 12:35-இல் தொடங்கி 13:35-இல் முடிந்தால் அதை இரண்டாக வெட்டிக் குறைத்துக் காட்டும். கோப்பில் வினாடிக்கு 10 வரி, நிமிடத்துக்கு 600. கூட்டுத் தூரப் பத்தியில் ஒவ்வொரு வரியிலிருந்தும் 600 வரிக்கு முந்தைய எண்ணைக் கழியுங்கள். கழித்து வந்த எண்களில் பெரியதுதான் உண்மையான உச்ச நிமிடம். நடுவே வரி விடுபட்டிருக்கலாம், நேரப் பத்தியிலும் வித்தியாசம் சரியாக 60 வினாடிதானா என்று பாருங்கள். கீழே கிடக்கும் வீரர் மேல் ரக் ஏறும்போது பாட் உடம்புகளுக்கு அடியில் மறைந்து சாட்டிலைட் விட்டுப்போகும். எழுந்ததும் இடம் திடீரென்று தாவி, பொய் வேகம் பதிவாகும். உயர்ந்த கூரை ஸ்டாண்டின் ஓரமும் அப்படித்தான். ரக்பியில் 10.5 மீ/வினாடிக்கு மேல் எதைக் கண்டாலும் வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் யாரையும் பாராட்டாதீர்கள்.

வேக எல்லை இன்னொரு குறை, ஆனால் இதைச் சரிசெய்யலாம். ஆப் எல்லோருக்கும் 5.5 மீ/வினாடி என்று ஒரே கோடு போடுகிறது. உச்ச வேகம் 9.2 உள்ள விங்கருக்கு (ஓரத்தில் வேகமாக ஓடுகிறவர்) அது 60 சதவீதம். 7.3 உள்ள ப்ராப்புக்கு (ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் தள்ளும் கனமானவர்) 75 சதவீதம். ப்ராப் மூச்சு முட்ட ஓடியது அதில் பூச்சியம் என்று வரும். ஒவ்வொருவரின் உச்ச வேகத்தையும் 40 மீட்டர் ஓட்டத்தில் எடுத்து, அதன் 60 சதவீதத்தை அவரவர் எல்லையாகப் போடுங்கள்.

ஸ்க்ரம், மால் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து நின்றபடி தள்ளுவது) பற்றிப் பாட்டிடம் கேட்பதில் பயனில்லை. முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளும் எட்டு பேரும் அதன் கணக்கில் நின்றுகொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கையை வீடியோ பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவு மெச்சிவிட்டு நண்பருக்கு என் பதில்: இந்த விலையிலும் இப்போது வாங்காதீர்கள். கருவி நல்லது, தரவு நல்லது, ஆனால் முதல் திரையில் தவறான எண்ணைப் பெரிதாகக் காட்டும் பொருளை, ஆட்டம் முடிந்து உட்கார்ந்து வெட்ட ஆள் இல்லாத பள்ளிக்கு என்னால் சிபாரிசு செய்ய முடியாது. ஸ்டாண்டின் உச்சியில் ஒரு போனை வைத்து ஆட்டத்தைப் பதிவு செய்யுங்கள். பந்து உயிரோடு இருந்த ஒவ்வொரு துண்டும் எத்தனை வினாடி, அதற்குள் ஒவ்வொருவரும் எத்தனை முறை டாக்கிளிலும் ரக்கிலும் இறங்கினார்கள் என்று எழுதுங்கள். மிக நீளமான துண்டு 70 வினாடி என்றால் பயிற்சி ஆட்டத்தில் 80, 90 வினாடி விசில் அடிக்காமல் ஓட விடுங்கள். ஒரு சீசன் இதைச் செய்த பிறகும் பாட் வேண்டும் என்று தோன்றினால், அது உலக ரக்பி அமைப்பின் தரத்துக்கு உட்பட்டதா, கச்சாத் தரவைக் கூடுதல் கட்டணமின்றி இறக்க முடியுமா, அணி முழுவதற்கும் ஒரே தடவையில் நேரத்தை வெட்டும் வசதி உண்டா என்ற மூன்றுக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.