குளியலறைக் கூரை: பெயின்டா, எக்ஸாஸ்ட் ஃபேனா, பிவிசி சீலிங்கா?

உதகை, குன்னூர் போன்ற மலை ஊர்களில் வெந்நீர் இல்லாமல் குளிப்பவர்கள் குறைவு. குளியலறைக் கூரையில் பெயின்ட் செதில் செதிலாக உரிவதும் அங்கே சகஜம். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: புதிய பெயின்ட், எக்ஸாஸ்ட் ஃபேன், பிவிசி சீலிங் (கூரைக்குக் கீழே பொருத்தும் பிளாஸ்டிக் பலகைகள்).

எதற்குப் பணம் கொடுப்பதானாலும், ஈரம் வரும் வழியை முதலில் அறிய வேண்டும். கூரையைத் துடைத்துக் காயவிட்டு, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஓரிரு நாள் வழக்கம்போல் குளித்துப் பார்க்கலாம். தாளின் அடிப்புறத்தில் முத்து முத்தாக நீர் நின்றால் அது குளியல் ஆவி. தாளுக்கும் கூரைக்கும் நடுவே ஈரம் கோத்திருந்தால் மேலிருந்து வரும் கசிவு. கசிவென்றால், மொட்டை மாடியையோ மேல்வீட்டுக் குழாயையோ சரிசெய்யாமல் இம்மூன்றில் எதைச் செய்தாலும் வீண்.

ஆவிதான் காரணமென்றால், என் தேர்வு எக்ஸாஸ்ட் ஃபேன். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் அது ஏறக்குறைய 13 கிராமாகக் குறைந்துவிடுவதால், மிச்சம் குளிர்ந்த கான்கிரீட்டில் நீராகப் படிகிறது. எந்தப் பெயின்டும் இந்தக் கணக்கை மாற்றாது. சிறிய குளியலறைக்கு 6 அங்குல ஃபேனே பெரும்பாலும் போதும். ஆனால் கதவின் அடியில் காற்று நுழைய இடைவெளி வேண்டும், குளித்த பின்னும் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைப்பவர்கள், ஓடாதபோது தானே மூடிக்கொள்ளும் தகடுகள் உள்ள ஃபேனை வாங்கலாம்.

பெயின்ட் அதன் பிறகுதான். டிஸ்டெம்பர் மலிவு, ஆனால் தொடர்ந்த ஈரத்தில் மாவாக உதிரும். எனாமலைத் துடைப்பது எளிது. காயாத கூரையில் அடித்தால் கொப்புளம் கட்டி ஏடு ஏடாகக் கழன்றுவிடும். பூஞ்சைத் தடுப்புள்ள அக்ரிலிக் எமல்ஷன் இரண்டையும்விட மேல். அதற்கும், தளர்ந்த பெயின்டை முழுக்கச் சுரண்டி, பூஞ்சையை பிளீச்சிங் கரைசலால் துடைத்து (கழிவறை ஆசிட்டோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும்), நன்றாகக் காயவிட்டு, ஒயிட் சிமென்ட் பட்டியும் பிரைமரும் இட வேண்டும்.

பிவிசி சீலிங் ஈரத்தில் உளுக்காது, ஒரே நாளில்கூட முடிந்துவிடும். ஆனால் இணைப்புகள் வழியே ஆவி மேலேறி, கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டை நனைக்கலாம். அதையே போடுவதென்றால், கழற்றிப் பார்க்க வசதியாக ஒரு பலகையையாவது தனியாகப் பொருத்தச் சொல்லுங்கள்.